தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓர் ஓனர்

போன மாதம் நம் நாய் ஷோ ஹேண்ட்லர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "ஓனருங்க ஏன் சார் ரெண்டு ஷோ, மூணு ஷோவோட காணாமப் போயிடறாங்க? நல்ல நாயி, நல்ல வம்சம், எல்லாம் இருந்தும் வுட்டுட்டுப் போறாங்களே?" அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதிய பதில்களை ஒன்று விடாமல் படித்தேன். செலவு தாங்கவில்லை என்றார் ஒருவர். ஜட்ஜுகள் முகம் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள் என்றார் இன்னொருவர். வெயில், தூரம், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்கள், பிள்ளைகளின் பரீட்சை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. நாயைக்கூட ஒருவர் குறை சொல்லியிருந்தார். நம்மை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் அங்கே பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சமாசாரம் இல்லை இது. முட்டி இரண்டும் தேய்ந்து, முண்டியம்பாக்கத்து டாக்டர் "இனிமே நடங்க, ஓடாதீங்க" என்று சொல்லிவிட்ட பிறகு எனக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் எனக்குத் தெரியும். ரொம்ப நன்றாகவே தெரியும், ஏனென்றால் பல வருஷம் அந்தக் காரணமாக இருந்ததே நான்தான்.

அடுத்தவர் நாயைப் பிடித்துக்கொண்டு ஷோவில் ஜட்ஜ் முன்னால், கயிறு கட்டிய ரிங்கில் ஓடுவது நம் தொழில். ஷோவுக்குச் சில வாரம் முன்பே நாய் நம் வீட்டுக்கு வந்துவிடும். நிற்கப் பழக்குவோம், ஓடப் பழக்குவோம், ஜட்ஜ் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும்போது சும்மா இருக்கப் பழக்குவோம். எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் சென்னைக்காரர். பெயர் வேண்டாம்; உயிரோடு இருந்தால் இந்தக் கட்டுரையில் தன் பெயரைப் பார்க்க அவர் விரும்பமாட்டார். முதல் நாளே அவர் சொன்ன சட்டம் இது: "ரிங்ல நாய்க்கு ஒரே ஆளுதான் இருக்கணும். அது நீ. ஓனர் கண்ணுல பட்டா உன் ஒரு மாச வேலையும் ஒரு நிமிஷத்துல போச்சு."

அவர் சொன்னது சரி. ரிங் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓனர் தலை தெரிந்ததும் நாய் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். வாலை ஆட்டும், முனகும், ஜட்ஜுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதனால் ஓனர்களை ஒளித்து வைப்போம். வேன் பின்னால், பந்தல் துணி பின்னால், டீக்கடைக்குள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் உட்காரவைப்போம். வாசனைத் தைலம் வேண்டாம், செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், இருமக்கூட வேண்டாம். நாயின் சொந்தக்காரரை நாயிடமிருந்து ஒளித்து வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பாக்ஸர் நாய் வைத்திருந்தார். மனுஷனுக்கு ஒளிந்து நிற்க முடியாது, பக்கத்தில் வந்து பார்க்கவேண்டும். "அப்போ ஹெல்மெட் போட்டுக்கினு நில்லுங்க" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் நிஜமாகவே போட்டுக்கொண்டார். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம், முகம் மூடிய ஹெல்மெட்டோடு ரிங் ஓரத்தில் நின்றார். டீ விற்றவர் அவரிடம் போய், "அண்ணே, வண்டி எங்க வுட்டுட்டீங்க?" என்று கேட்டார். பாக்ஸர் முதலிடம் வந்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் அவர் நெற்றியில் ஹெல்மெட் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. இந்தக் கதையைப் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அடுத்த ஷோவுக்கு அவர் டிரைவரை மட்டும் அனுப்பினார், அதற்கடுத்த ஷோவுக்கு நாயையும் அனுப்பவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.

உறைத்தது தரணேந்திரன் ஐயா வந்த பிறகுதான்.

மயிலம் ரோட்டில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில்தான் நாய்களைப் பழக்குவேன். ஒரு நாள் காலையில் மூட்டை ஏற்றுகிற சின்ன வண்டி ஒன்று வந்து நின்றது. முன்சீட்டில் ஜன்னலோரமாக ஒரு லேப்ரடார் பெண் நாய் உட்கார்ந்திருந்தது. பின்னால் காலிச் சாக்குகளின் மேல் வெள்ளை வேட்டியில் ஓர் ஆள். சீட்டில் யாருக்கு இடம் என்பதில் அந்த வீட்டில் யார் பெரியவர் என்று தெரிந்துவிட்டது. ஓட்டிவந்தவர் அவர் மனைவி பத்மா அம்மா.

"வணக்கங்க. செஞ்சி பக்கத்துலேர்ந்து வர்றோம். மல்லாட்டை வியாபாரம்," என்றார் தரணேந்திரன் ஐயா. "இது பேரும் மல்லாட்டைதாங்க. கலரப் பாத்துப் புள்ளைங்க வச்சுது. மல்லான்னு கூப்புடுவோம்."

வேர்க்கடலைத் தோலின் நிறம்தான். நல்ல எலும்பு, அகன்ற தலை, குட்டையான தடித்த வால். இப்படி ஒரு நாயைப் பார்த்தால் நம் மாதிரி ஆளுக்கு வாயில் எச்சில் ஊறும். புதுச்சேரியில் குட்டியாக வாங்கினார்களாம். விற்றவரே, இதை ஷோவுக்குக் கொண்டுபோகாமல் விட்டால் பாவம் என்று சொல்லியிருக்கிறார்.

வண்டியை விட்டு இறங்கியதும் மல்லா முதலில் செய்த காரியம், என் வாசலில் கிடந்த செருப்பைக் கவ்விக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றதுதான். அவர் "குடு" என்றார். கையில் வைத்தது. அவர் இடுப்பில் செருகியிருந்த ஒரு சுருக்குப்பையின் வாயைத் தளர்த்தி, குனிந்துகூடப் பார்க்காமல் உள்ளே கையை விட்டு, வறுத்த மல்லாட்டை இரண்டு எடுத்து அதன் வாயில் போட்டார்.

"வெறும் வாயோட என்கிட்ட வராதுங்க. எதனா ஒண்ணு கொண்டாந்து குடுத்துட்டுத்தான் மறுவேல," என்றார்.

புறப்படும்போது தயங்கி நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. நாங்க நயினாருங்க, சமணருங்க. கறி, முட்டை எதுவும் எங்க வூட்டுல கெடையாது. இதுவும் குட்டியிலேர்ந்து கேப்பைக் களி, தயிரு, பருப்பு சோறுன்னு தின்னு வளந்ததுதான். அது தானா வெளிய போயி எதனா தின்னுட்டு வந்தா அது வேற. நாம கையால குடுக்கக் கூடாது. அது மட்டும் பாத்துக்கோங்க."

"கவலையே படாதீங்க ஐயா. என் வூட்டுல என்ன வேணா இருக்கட்டும், இது வாயில படாது," என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

பத்மா அம்மா அந்தச் சுருக்குப்பையை என்னிடம் கொடுத்தார். காடாத் துணியில் அவரே தைத்தது. பச்சை நாடா, மேலே சிவப்பு நூலில் ஒரு 'ம'. "இந்தப் பையப் பாத்தாலே சொன்ன பேச்சு கேக்கும். ரெண்டு மல்லாட்டை குடுத்தா போதும்," என்றார்.

வீட்டில் வாக்கைக் காப்பாற்றினேன். தயிரும் பருப்பும் கேப்பையும்தான் போட்டேன். தப்பு நடந்தது ரிங்குக்குள்.

புதுச்சேரியில் முதல் ஷோ. நாயின் கவனத்தைப் பிடித்து வைக்க நாமெல்லாம் பையில் என்ன வைத்துக்கொள்வோம்? அவித்த ஈரல். அன்றைக்கு ரிங்கில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேரிடம் ஈரல், என்னிடம் மல்லாட்டை. மல்லா என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஆளின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாம் இடம். தகுதியே இல்லாத ஒரு நாயிடம் தோற்றோம் என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அடுத்த ஷோ சென்னையில். அன்று காலையில் அடுப்பில் ஈரலை வைத்தேன். ஒரு துண்டுதானே, மருந்து மாதிரி நினைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு பையில் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. அந்தச் சுருக்குப்பைக்கு நாய் பழகியிருந்தது, இடுப்பில் வாகாக நின்றது. மல்லாட்டையைக் கொட்டிவிட்டு அதிலேயே ஈரலை நிரப்பினேன். மல்லா சிலை மாதிரி நின்றது. முதலிடமும் சான்றிதழும் வந்தன. மூன்று வெவ்வேறு ஜட்ஜுகளிடம் மூன்று சான்றிதழ் வாங்கினால் சாம்பியன் பட்டம். பெங்களூரில் இரண்டாவதும் வந்தது.

அந்த ஷோக்களுக்கெல்லாம் தரணேந்திரன் ஐயாவும் பத்மா அம்மாவும் வந்தார்கள். வழக்கம்போல வேன் பின்னால் உட்காரவைத்தேன். அந்த மறைவில் எனக்கு இரட்டை லாபம். நாய் அவர்களைப் பார்க்காது, அவர்கள் என் கையில் இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

"எப்படிங்க இவ்ளோ அழகா நிக்குது?" என்று பெங்களூரில் கேட்டார்.

"பழக்கந்தான் ஐயா," என்றேன்.

அவர் ஊருக்குப் போய் மண்டியில் எல்லோரிடமும், ஊரான் நாயெல்லாம் கறி தின்று வந்து நிற்க, எங்கள் மல்லா மல்லாட்டை தின்றே ஜெயித்தது என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்காரர்கள் மூலம் அது என் காதுக்கு வந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு சான்றிதழ்தானே பாக்கி, பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஈரலை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன், கண்டுகொள்ளாமல் விட்டேன். முதல் ஷோவுக்குப் புதுச் சட்டை போட்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, விடியும் முன்பே வந்து நின்றவர் அவர். மூன்றாவதில், "எத்தினி மணிக்கு முடியுங்க?" என்று கேட்டார். விழுப்புரம் ஷோவுக்கு நான் போன் செய்தபோது, "நாங்க வரணுங்களா?" என்றார்.

"என்ன ஐயா, கடைசி சான்றிதழ். நம்ம ஜில்லாவுலயே நடக்குது. போட்டோ எடுக்க வாணாமா?"

"அதுக்கில்லீங்க. அங்க வந்து நாங்க என்னத்தப் பண்றது? வேன் டயரத்தான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கோம்."

தம்பிகளே, ஓர் ஓனர் நம்மை விட்டுப் போகிற சத்தம் இதுதான். சண்டை போடமாட்டார்கள், கணக்குக் கேட்கமாட்டார்கள். "நாங்க வரணுங்களா" என்று மட்டும் கேட்பார்கள். இதைக் கேட்டால் உடனே என்ன ஏது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை; வற்புறுத்தி வரவழைத்தேன்.

விழுப்புரம் மைதானத்தில் அன்று புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க ஒரு லாரி வந்து நின்றது. நல்ல மறைவு. அதன் பின்சக்கரத்து நிழலில் இருவரையும் உட்காரவைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு லேப்ரடார் ரிங். மல்லா அன்றைக்கு இருந்த இருப்புக்கு எதிரில் ஆளே இல்லை. ஜட்ஜ் தொட்டுப் பார்த்தார், ஓட்டச் சொன்னார், கடைசியாக நாலு நாயை மட்டும் வரிசையில் நிறுத்தினார். எங்கள் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் காற்று திரும்பியது.

மல்லாவின் மூக்கு மேலே எழுந்தது. ஈரலைக் காட்டினேன், பார்க்கவில்லை. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. லாரி பக்கம் பார்த்து ஒரு முனகல். பிறகு என் இடுப்புக்குத் தாவி, நாடாவோடு சேர்த்து அந்தச் சுருக்குப்பையைக் கவ்வி ஒரே இழு. ஷோ கயிறு எவ்வளவு மெல்லிசு, கழுத்தில் எவ்வளவு தளர்வாகப் போடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். தலையை உருவிக்கொண்டு, ரிங் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பையை வாயில் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். வெறும் வாயோடு அவரிடம் போகாத நாய் அது.

நான் பின்னாலேயே ஓடினேன். லாரியைச் சுற்றி நான் போய்ச் சேரும்போது தரணேந்திரன் ஐயா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். பல மாதமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அடி கழுத! என்னத் தேடிக்கினு வந்துட்டியா? குடு, குடு" என்றார். அது கையில் வைத்தது. அவர் வழக்கம்போல நாடாவைத் தளர்த்தி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, உள்ளே கையை விட்டு எடுத்து அதன் வாயில் போட்டார்.

பிறகுதான் அவர் தன் விரலைப் பார்த்தார்.

பையைக் கவிழ்த்தார். ஈரல் துண்டுகள் மண்ணில் விழுந்தன. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நெருக்கடியில் என் வாயிலிருந்து முதலில் வந்தது பொய்தான்.

"ஐயா, இது வேற நாய்க்கு வச்சிருந்த பை. மாறிப் போச்சு."

பத்மா அம்மா பையை எடுத்துச் சிவப்பு எழுத்தைத் தடவினார். "இது நான் தெச்சதுங்க," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அதற்கு மேல் நான் எங்கே போய் நிற்பது? "மூணு ஷோவா இதுதான் ஐயா குடுத்தேன்," என்றேன். "உங்களுக்குச் சொல்லாம குடுத்தேன். தப்பு என்மேலதான்."

அவர் எழுந்து, லாரியின் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். மைக்கில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார், ஜல்தி வரணும் என்றார்கள்.

இப்போது அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நாய் என் எதிரில். ஷோ கயிறு என் கையில். கழுத்தில் மாட்டிக்கொண்டு ரிங்குக்குள் போனால் பட்டம் நிச்சயம். அவர் தடுக்கக்கூட மாட்டார், அப்படிப்பட்ட மனுஷன் இல்லை. மன்னிப்பைச் சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம், பட்டத்தைப் பார்த்தால் மனசு ஆறும் என்று புத்தி சொன்னது. என் கை நாயின் கழுத்து வரைக்கும் போய்விட்டது. மல்லா அவர் வேட்டியோடு ஒட்டி நின்றுகொண்டு, அவர் கை கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் யாருடைய நாயை யாரிடமிருந்து பிடுங்கப் போகிறேன் என்று அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பின்பும் பட்டதில்லை.

என் கையில் கட்டியிருந்த எண் அட்டையை அவிழ்த்து அவர் முன்னால் நீட்டினேன். "நீங்க ஓட்டுங்க ஐயா."

"வேணாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. வூட்டுக்குப் போறோம்."

பத்மா அம்மா குறுக்கே வந்தார். "எதுக்கு வூட்டுக்குப் போவணும்? இத்தினி ஊரு வந்து ஒளிஞ்சிக்கினே பாத்தோமே, இது என்ன நாம திருடிக்கினு வந்த நாயா? போங்க உள்ள. ஊரு பாக்கட்டும்." என் கையிலிருந்து எண் அட்டையைப் பிடுங்கி அவரே புருஷனின் ஈரக் கையில் கட்டினார்.

மடித்துக் கட்டிய வேட்டியோடு, தின்பண்டம் எதுவும் இல்லாமல், ஷோ கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் ரிங்குக்குள் போனார். நான் முதல் தடவையாக லாரிக்குப் பின்னால் நிற்கப் போனேன். "நீங்களும் இங்க வந்து நில்லுங்க," என்று பத்மா அம்மா கயிற்றுப் பக்கம் இழுத்துவிட்டார்.

நாயை நிறுத்துகிற முறை அவருக்குத் தெரியாது. கால்களை எப்படி எடுத்து வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு குனிந்து, "மல்லா, தராசு" என்றார். அது நாலு காலையும் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நின்றது. குடோனில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏற்றி வாராவாரம் எடை பார்ப்பாராம். முள் நிற்கும்வரை நிற்கப் பழகிய நாய். ஒரு மாதம் நான் தலைகீழாக நின்று பழக்கியதை அவர் குட்டியிலேயே பழக்கி வைத்திருக்கிறார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாம் எங்கே ஓனர்களைக் கேட்கிறோம்?

ஓட்டத்தில்தான் சொதப்பினார். நாய்க்கு ஏற்ற வேகம் பிடிபடவில்லை. ஒரு வேட்டி முனை அவிழ்ந்துவிட, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடினார். மல்லா அவர் முகத்தைப் பார்த்தபடியே கோணலாக ஓடியது. ஜனம் கைதட்டியது, ஜட்ஜும் சிரித்தார். சிரித்தாலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். முதலிடத்தைப் பக்கத்து நாய்க்குக் கொடுத்தார், மல்லாவுக்கு இரண்டாம் இடம்.

நான் ஓட்டியிருந்தால் முதலிடம். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வெளியே வந்தவர் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எண் அட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். "பேச இப்ப எனக்கு ஒண்ணும் வரலீங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும். போய்ட்டு வர்றோம்." மல்லா முன்சீட்டில் ஏறிக்கொண்டது. அவர் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரம் பொறுத்து, செஞ்சி பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கவைத்தே திட்டி அனுப்புவார் என்று நினைத்தேன். உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஈரல் விஷயம் தப்புதாங்க. நீங்களே ஒத்துக்கினீங்க, அதோட வுட்டுடலாம். நான் கேக்கறது வேற. நாலு ஷோவா என்ன டயருக்குப் பின்னால ஒக்கார வச்சீங்க. நான் பாக்கற எடத்துல நின்னிருந்தா, இந்தத் தப்ப உங்களால பண்ணியிருக்க முடியுமா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாய இனிமே உங்ககிட்ட வுட மாட்டேன்," என்றார். "ஆனா அன்னிக்கு அந்த ரெண்டு சுத்து ஓடனேன் பாருங்க, அது எனக்குத் தூக்கத்துல கூட வருது. ஞாயித்துக்கிழமையில வர்றேன். எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க."

இதுதான் குழுவில் கேட்ட தம்பிக்கு என் பதில். ஷோ என்பது ஓனருக்குத் தன் நாயோடு கழிகிற ஒரு நாள். அந்த நாளை நாம் எடுத்துக்கொண்டு, கோப்பையை மட்டும் அவர் கையில் கொடுக்கிறோம். கோப்பையை எத்தனை நாள் துடைத்துக்கொண்டிருப்பார்? நீங்கள் இப்போது என்னைவிடக் கெட்டிக்காரர்களாக ஆகிவிட்டீர்கள். "நீங்க வர வேணாம் சார், நான் வீடியோ அனுப்பறேன்" என்கிறீர்கள். நான் லாரிக்குப் பின்னால் ஒளித்தேன், நீங்கள் வீட்டிலேயே ஒளித்து வைக்கிறீர்கள். அப்புறம் ஓனர் காணாமல் போய்விட்டார் என்று புலம்பினால் எப்படி?

அந்த விழுப்புரம் ஷோவுக்குப் பிறகு நான் எந்த ஓனரையும் ஒளித்து வைக்கவில்லை. ரிங் ஓரத்தில் ஓனர் நின்றாலும் நிற்கிற மாதிரி நாயைப் பழக்கினேன். அதற்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும், பேஜாரு பிடித்த வேலைதான், ஆனால் முடியும். நான் செய்திருக்கிறேன், நீங்களும் செய்யலாம். ஒரு ஷோவிலாவது கயிற்றை ஓனர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். சில பரிசுகள் கை நழுவிப் போயின. சக ஹேண்ட்லர்கள் கிறுக்கன் என்றார்கள். என் ஓனர்களோ வயதான நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மல்லாவுக்கு மூன்றாவது சான்றிதழ் கடைசிவரை வரவில்லை. தரணேந்திரன் ஐயாவே ஓட்டினார். இரண்டாம் இடம், மூன்றாம் இடம், ஒரு தடவை ஒன்றுமே இல்லை. பட்டத்துக்கு முழுத் தகுதியான நாய் அது. என்னால்தான் அது கிடைக்காமல் போனது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவரோ ஒரு ஷோவைக்கூடத் தவறவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் முடிந்து நாங்கள் சேர்ந்து போன முதல் ஷோ புதுச்சேரியில். நான் வேறு ஒரு நாயை ஓட்டிவிட்டு வந்து ரிங் ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் புதுச் சுருக்குப்பை, அதே பச்சை நாடா, அதே சிவப்பு 'ம'. நாடாவைத் தளர்த்தி என் முன்னால் நீட்டினார். அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பின்னால் போனது.

"மல்லாட்டைதாங்க," என்றார். "கைய வுடுங்க."

விட்டேன். மல்லாட்டைதான் இருந்தது.